நீளத் துப்பாக்கி யாருக்கு?

கிள்ளானில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அமுதவள்ளிக்கு நன்றாகச் சுடத் தெரியும். கணினித் திரையில்தான். நிஜத்தில் தீபாவளிப் பட்டாசுக்கே காதைப் பொத்திக்கொள்கிறவள். ஆனால் அவளும் அவளுடைய நான்கு கூட்டாளிகளும் திரையில் இறங்கிவிட்டால் சிலாங்கூர் மாநிலத்தில் எதிரே நிற்கப் பலரும் யோசிப்பார்கள். அணியின் பெயர் 'காப்பார் காக்கா'. பெயர் வைத்தவன் ஜீவன். ஏன் காக்கா என்று கேட்டால், "காப்பாருல வேற என்னா பறக்குது?" என்பான்.

விளையாட்டு எளிமையானது. ஐந்து பேருக்கு எதிரே ஐந்து பேர். நடுவில் ஒரு வீடு. அதைப் பிடித்த அணி ஜெயித்தது. யார் எந்த ஆயுதத்தை எடுப்பது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. ஜீவனிடம் ஷாட்கன் இருக்கும். கிட்டே வந்தவனை அது ஒரே சூட்டில் சாய்த்துவிடும், தெருவுக்கு அந்தப் பக்கம் கொசுவைக்கூடக் கொல்லாது. அதனால் அவன் தெருவைத் தாண்டுவதற்காகத் தாமரை புகைக்குண்டு வீசுவாள். அந்த நேரம் எதிரி எவனாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால், தூரத்துக் கூரையில் நீளத் துப்பாக்கியோடு படுத்திருக்கும் தனேஷ் அவனைக் கவனித்துக்கொள்வான். நீளத் துப்பாக்கியில் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே ஒரு கொட்டாவி விடலாம். ஆகவே தனேஷின் இடுப்பில் அவசரத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி இருக்கும். அமுதவள்ளியும் யுகேந்திரனும் நடுத்தரத் துப்பாக்கி வைத்துக்கொள்வார்கள். இருவருக்கும் ஒரே ரகக் குண்டு. ஒருவருக்குத் தீர்ந்தால் மற்றவர் கொடுப்பார். ஒன்றின் குறையை இன்னொன்று மூடவேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்தாததால் காரியம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

மாநில இறுதியாட்டத்துக்குத் தேர்வானபோதுதான் சிக்கல் வந்தது. அதில் ஜெயிப்பவர்கள் புக்கிட் ஜாலிலில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போவார்கள். அங்கே ஜெயிப்பவர்கள் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டில் ஆடுவார்கள். அமுதவள்ளிக்கு அந்தச் சட்டை வேண்டும். வயது வரம்பு இருபத்தைந்து, அவளுக்கு இருபத்தைந்து. இந்த வருடம் விட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கண் பவரைப் பரிசோதித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இறுதியாட்டத்தில் கலந்துகொள்ள, பதிவுபெற்ற சங்கம் ஒன்று அந்த அணியைத் தன் அணி என்று ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது விதி.

கிள்ளானில் நடந்து போகிறவன் கால் இடறினால் ஏதாவதொரு சங்கத்தின் படிக்கட்டில்தான் விழுவான். அமுதவள்ளி விழுந்தது, 'கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் பல்துறை மேம்பாட்டுப் பேரவை'யின் படிக்கட்டில். லிட்டில் இந்தியாவில் ஒரு மாலைக்கடையின் மேல்மாடி. பேரவை அங்கே குடியேறியதற்கு மாலைக்கடைதான் காரணம் என்று சொல்வார்கள்.

தலைவர் கார்த்திகேசு, அரசாங்கத்திடம் 'டத்தோ' பட்டம் வாங்கியவர், அவளை அன்போடு வரவேற்றார்.

"துப்பாக்கியா? பேஷா செய்யலாம்மா. ஆனா நீங்களா ஆளுக்கொரு துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் போனா நாளைக்கு நம்ம சமுதாயத்தப் பத்தி என்னா பேசுவாங்க? ஒரு கமிட்டி போட்டுருவோம்லா."

"டத்தோ, நாங்க ஏற்கனவே செட் ஆயிட்டோம். எங்களுக்கு ஒரு சப்போர்ட் மட்டும் கிடைச்சா…"

"அதான் கமிட்டியே தரேனே!" என்றார் டத்தோ.

ஆயுதத் தேர்வுக் குழு அந்த வாரமே கூடியது. தலைவர், செயலாளர், ஐந்து கிளைகளின் பொறுப்பாளர்கள். செயலாளர் சண்முகரத்தினம் நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரவையின் சட்டவிதிப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பார், அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"முதல் அங்கம், சென்ற கூட்டத்தின் குறிப்புகளை ஏற்றுக்கொள்ளுதல்" என்றார் அவர்.

"அங்கிள், இதுதானே முதல் கூட்டம்?" என்றாள் அமுதவள்ளி.

சண்முகரத்தினம் அவளைப் பரிவோடு பார்த்தார். "விதி ஒன்பதின்படி சென்ற கூட்டம் இல்லாமல் இந்தக் கூட்டத்தை நடத்த இயலாது, பிள்ளை."

நல்லவேளையாக அவரே வழியையும் சொன்னார். கூட்டம் அத்துடன் முடிக்கப்பட்டது. எல்லோரும் தேநீரும் வடையும் சாப்பிட்டார்கள். பிறகு இரண்டாவது கூட்டம் தொடங்கியது, முதல் கூட்டத்தின் குறிப்புகள் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. வடை நன்றாக இருந்ததாகக் குறிப்பில் இருந்தது.

டத்தோ தலைமையுரை ஆற்றினார். "எனக்குத் துப்பாக்கியப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் என் முடிவு நடுநிலையா இருக்கும். தெரிஞ்சவங்க ஒரு பக்கமாத்தான் பேசுவாங்க. இந்தப் பேரவையில இருபது வருஷமா தெரியாதவங்களதான் பொறுப்புல வெச்சிருக்கோம். அதுதான் நம்ம ஒற்றுமைக்குக் காரணம்."

பலத்த கைதட்டல். ஜீவனும் தட்டினான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

அமுதவள்ளி படம் வரைந்து காட்டி ஷாட்கன், புகை, நீளத் துப்பாக்கி என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். குழுவினர் மிகக் கவனமாகக் கேட்டார்கள். முடித்ததும் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளையின் விஜயன் கேட்டார்:

"இதுல பெரியது எது?"

"பெரியதுன்னு இல்ல அங்கிள், ஒவ்வொண்ணும்…"

"நீளமா இருக்கறது எதும்மா?"

"ஸ்னைப்பர். தனேஷோடது."

"தனேஷ் எந்தக் கிளை?"

ஐந்து ஆட்டக்காரர்களும் ஐந்து கிளைகளின் பிரதிநிதிகள் என்று தீர்மானம் ஆயிற்று. தனேஷ் சாலாக் செலாத்தான் கிளைக்குப் போனான். அவன் அந்தப் பக்கம் போனதே இல்லை. தாமரை காப்பார் கிளைக்கு வந்தாள். காப்பார் கிளைப் பொறுப்பாளர் தங்கமணி அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் துப்பாக்கி, எங்களுக்கு மட்டும் புகையா? கரண்டு ஸ்டேஷன் புகைய இத்தன வருஷமா நாங்கதான் முழுங்கறோம். கேம்லயும் நாங்கதான் முழுங்கணுமா? காப்பார்னா உங்களுக்கு அவ்ளோ இளக்காரமா?"

"அக்கா, புகை இல்லன்னா யாருமே தெருவத் தாண்ட முடியாது" என்றாள் தாமரை.

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் பேசறேன்."

பங்சார் கிளைக்காரர் ஷாட்கன்னின் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு குட்டையான துப்பாக்கியைப் பங்சாருக்குக் கொடுத்தது தற்செயலா, திட்டமா என்று கேட்டார். கிள்ளான் கிளைக்காரர் இது தலைமையகம் இருக்கும் ஊர் என்பதை நினைவூட்டினார். விஜயன் புதிய பிரச்சினை ஒன்றைக் கிளப்பினார்.

"இது புரட்டாசி மாசம். நாம எல்லாரும் சைவம். இந்த நேரத்துல ஆள கொல்றது நல்லா இருக்கா? கால்ல மட்டும் சுட்டு ஜெயிக்க முடியாதா?"

இது பற்றி நெடுநேரம் விவாதித்தார்கள். திரையில் தெரிவது ரத்தம் அல்ல, சிவப்பு நிறம்தான் என்று சண்முகரத்தினம் தீர்ப்பளித்த பிறகே எல்லோருக்கும் மனம் சமாதானம் ஆயிற்று.

கடைசியில் டத்தோ சமரசம் கண்டார். எந்தக் கிளையும் மனம் கோணக்கூடாது. ஆகவே ஐந்து பேருக்கும் நீளத் துப்பாக்கி.

"டத்தோ, அஞ்சு பேரும் ஸ்னைப்பர்னா வீட்டுக்குள்ள யாரு போறது?" என்றாள் அமுதவள்ளி.

"ஏன் போகணும்? நம்ம ஆளுங்க உயரத்துல இருக்கட்டுமே!"

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. வெளியே வந்து படியிறங்கும்போது அமுதவள்ளிக்கு அழுகை வந்தது. மாலைக்கடைக்காரர், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, எந்த அளவில் மாலை வேண்டும் என்று மெல்லக் கேட்டார்.

இறுதியாட்டம் ஆயுத பூஜை நாளில் அமைந்தது. நம்மவர்கள் அன்றைக்கு லோரி, மோட்டார்சைக்கிள், தையல் இயந்திரம், முடிவெட்டும் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். ஆயுதத் தேர்வுக் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு ஆயுத பூஜையைத் தவறவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்தில் பதில் சொல்ல முடியுமா? ஷா ஆலமில் ஆட்டம் நடக்கும் மண்டபத்திலேயே ஒரு மூலையை வாங்கிவிட்டார் டத்தோ. ஐந்து நீளத் துப்பாக்கிகளின் படங்களைப் பெரிதாக அச்சடித்து, ஒவ்வொன்றின் கீழும் கிளைப் பொறுப்பாளரின் பெயரும் படமும் போட்டு, மாலை சாத்தி, பொரி கடலை வாழைப்பழம் வைத்தார்கள். குருக்கள் வந்து மந்திரம் சொன்னார். ஆட்டக்காரர்களின் மௌஸ்களையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. அதுதான் நெற்றி என்று முடிவு செய்து அங்கே சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டார்.

மௌஸ் நகரவில்லை. ஐந்து பேரும் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தபோது டத்தோ வந்தார்.

"ரெடியா? நீளத் துப்பாக்கிய எடுங்க. எல்லாக் கிளையும் பாத்துக்கிட்டு இருக்கு."

அப்போது அமுதவள்ளி ஒரு கேள்வி கேட்டாள். பயத்தில் கேட்டாளா குறும்பில் கேட்டாளா என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. ஆயுத பூஜை அன்று அவள் அப்பா பூஜை போட்ட மோட்டாரை மறுநாள் வரை கிளப்பமாட்டார். அவள் அதைப் பார்த்து வளர்ந்தவள்.

"சாமி, பூஜையில வெச்சத இன்னிக்கே எடுக்கலாமா?"

குருக்கள் பதறிப்போனார். "கூடவே கூடாதும்மா! இன்னிக்கு அது அம்பாள்கிட்ட இருக்கு. நாளைக்கு விஜயதசமி. மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

ஐந்து கிளைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. டத்தோ ஏற்பாட்டாளரிடம் போய் ஆட்டத்தை நாளைக்குத் தள்ளிவைக்கச் சொன்னார். அந்த மலாய் இளைஞர் பணிவாகக் கேட்டுவிட்டு, இன்னும் பத்து நிமிடத்தில் உட்காராவிட்டால் எதிரணி ஜெயித்ததாக அறிவிப்பேன் என்றார், அதையும் பணிவாகவே சொன்னார். தூணோரமாக அவசரக் கூட்டம் நடந்தது. சண்முகரத்தினம் புத்தகத்தைப் புரட்டித் தீர்ப்புச் சொன்னார்:

"ஒதுக்கப்பட்ட ஆயுதங்கள் வழிபாட்டில் உள்ளன. ஒதுக்கப்படாத ஆயுதங்கள் பற்றி விதியில் ஏதும் இல்லை. அவற்றை யாராவது எடுத்தால் பேரவை பொறுப்பேற்காது."

"எடுத்துக்கலாமா அங்கிள்?" என்றான் ஜீவன்.

"நான் அப்படிச் சொல்லவில்லை தம்பி. பொறுப்பேற்காது என்றுதான் சொன்னேன்."

அது போதுமாக இருந்தது. நீளத் துப்பாக்கி அம்பாளிடம் இருந்ததால் தனேஷுக்குக் கூரையில் வேலை இல்லை. அமுதவள்ளி உட்கார்ந்த இடத்திலேயே கணக்கை மாற்றினாள். தூரத்திலிருந்து காக்க ஆள் இல்லையென்றால் தூரமே இருக்கக்கூடாது. தனேஷும் புகைக்குண்டு எடுத்தான். தாமரை ஒன்று, அவன் ஒன்று, மறுபடி தாமரை ஒன்று என்று தெருவெல்லாம் வெள்ளையாக்கினார்கள். எதிரணியின் நீளத் துப்பாக்கிக்காரன் பஞ்சு மூட்டையைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தான். புகைக்குள்ளிருந்து ஜீவன் ஷாட்கன்னோடு கதவை உடைத்தான். முதல் ஆளைச் சாய்த்தான், இரண்டாமவன் அவனைச் சாய்த்தான், அந்த இரண்டாமவனை ஜீவனின் முதுகுக்குப் பின்னால் வந்த யுகேந்திரன் சாய்த்தான். யுகேந்திரனுக்குக் குண்டு தீர்ந்ததும் அமுதவள்ளி தன்னுடையதைத் தள்ளிவிட்டாள். வீடு பிடிபட்டது. காக்காக்கள் நாற்காலியை விட்டு எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கத்தினார்கள். அமுதவள்ளி வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

டத்தோ மைக்கைப் பிடித்தார்.

"இந்த வெற்றிக்குக் காரணம் பூஜையில இருந்த அஞ்சு துப்பாக்கி! தொடாமலே ஜெயிச்சிருக்கு. தொட்டிருந்தா என்னா ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க!"

மறுவாரம் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பாராட்டு, பேரவை பேரவைக்கே எழுதியது, நகல் மட்டும் அமுதவள்ளிக்கு. இன்னொன்று அவளுக்கே வந்தது. அனுமதியற்ற ஆயுதங்களால் வெற்றி பெற்றதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். தேசியப் போட்டியில் நீளத் துப்பாக்கி தவிர வேறொன்றையும் தொடமாட்டோம் என்று ஐவரும் கிளைப் பொறுப்பாளர்கள் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தால்தான் ஆதரவு தொடரும் என்றும் இருந்தது.

"மயிருங்களா!" என்றாள் அமுதவள்ளி. கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுத்துப் பலகையில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடினார்.

அன்று சாயங்காலமே அவளுக்கு யோசனை வந்தது. பதிவுபெற்ற சங்கம்தானே வேண்டும்? நாமே ஒன்று தொடங்கினால் என்ன? ஏழு பொறுப்பாளர்கள் இருந்தால் போதும். ஐந்து பேர் இருக்கிறார்கள். அவள் அம்மா இராஜம்மாவையும் தனேஷின் மாமாவையும் சேர்த்தால் ஏழு. நம்பமுடியாத வேகத்தில் பதிவு கிடைத்தது. 'காப்பார் காக்கா மின்விளையாட்டுக் கழகம்'. தலைவர் அமுதவள்ளி, துணைத் தலைவர் ஜீவன், செயலாளர் தாமரை, பொருளாளர் தனேஷ், தகவல் பிரிவுத் தலைவர் யுகேந்திரன். இனி எந்தக் குழுவும் கிடையாது, பொன்னாடை கிடையாது, நாம் உண்டு நம் ஆட்டம் உண்டு என்று அமுதவள்ளி சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதலில் ஜீவன் முகவரி அட்டை அடித்தான். சும்மா, ஒரு வேடிக்கைக்காக என்றான். பிறகு அவன் தெரு மாரியம்மன் கோயிலில் அவனை மேடைக்கு அழைத்து ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் மனம் புண்படுமே என்று வாங்கிக்கொண்டான். தாமரை ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டாள், பயிற்சிக்கு வரமுடியாத நாட்களில் முத்திரை வைத்துத் தகவல் அனுப்பினாள். யுகேந்திரன் பயிற்சியைவிடப் பயிற்சி நடப்பதைப் படமெடுப்பதில் மும்முரமானான். அமுதவள்ளி இதையெல்லாம் பார்த்தாள். நம்ம பிள்ளைகள்தானே, கொஞ்சம் ஆசைப்படட்டும் என்று விட்டுவிட்டாள்.

புக்கிட் ஜாலில். பெரிய மேடை, பெரிய திரை, கூட்டம், நேரலை. முதல் வரிசையில் டத்தோ கார்த்திகேசு உட்கார்ந்திருந்தார். யார் அழைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆயுதம் தேர்ந்தெடுக்கும் நேரம் திரையில் ஓடத் தொடங்கியது.

"ஜீவா, ஷாட்கன்" என்றாள் அமுதவள்ளி, காதொலிப்பானில்.

ஜீவன் மௌஸிலிருந்து கையை எடுத்துக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"அமுதா, தப்பா எடுத்துக்காத. முன்ன மாதிரின்னா ஓகே. இப்ப துணைத் தலைவரே மொதல்ல உள்ள போயி செத்தா நல்லா இருக்குமா? லைவ் போவுதுலா. எங்க கோயில்ல ஸ்கிரீன் கட்டிப் பாக்கறாங்க."

"வெளயாடாத ஜீவா. தாமரை, புகை எடுத்துட்டியா?"

"புகைக்குள்ள நின்னா கேமராவுல நான் தெரியவே மாட்டேன் அமுதா. செயலாளர் எங்கன்னு கேப்பாங்க. நான் கூரைக்குப் போறேன்."

"கூரை என்னோடது" என்றான் தனேஷ். "சரி, வேற கூரை பாத்துக்க."

யுகேந்திரன் ஏற்கெனவே நீளத் துப்பாக்கியோடு ஏறிக்கொண்டிருந்தான்.

அமுதவள்ளிக்கு டத்தோவின் மேல் வராத கோபம் இவர்கள் மேல் வந்தது, கோபத்தைவிட அதிகமாக வேதனை வந்தது. கண்ணில் நீர் கட்டித் திரை மங்கியது. நேரம் முடியப்போகிறது. அவள் ஷாட்கன்னை எடுத்துக்கொண்டாள்.

புகையில்லாத வெட்டவெளித் தெருவில் கழகத்தின் தலைவர் ஓடினாள். பாதித் தெரு வரை போனாள். ஒரு குண்டு தோளில், ஒரு குண்டு மார்பில். கதவுக்குச் சில அடி முன்னால் விழுந்தாள். செத்தவர்களுக்கு அந்த விளையாட்டில் ஒரு சலுகை உண்டு: கூட்டாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். பார்த்தாள். நான்கு கூரைகள், நான்கு நீளத் துப்பாக்கிகள். யாரும் அசையவில்லை. நாட்டின் சட்டை இனி இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முதல் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். காதொலிப்பானில் ஜீவனின் குரல் தணிவாகக் கேட்டது.

"தலைவர் போயிட்டாங்க… அப்ப இனிமே நான்தானே ஆக்டிங் தலைவர்?"